பிள்ளையைத் தூக்கிக்கொள்பவள்

மத்திகிரியில் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்சுவரில், எங்கள் ஊர் இசக்கியம்மனைச் செய்து மாட்டினேன். அதற்காகவே எங்களைத் துரத்தினார்கள்.

வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. வீணாகும் துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவேன். பிளைவுட் பலகையில் கறுப்பு ஒயர் கூந்தலானது. பித்தளை முனைகள் கண்கள். என் கிழிந்த சிவப்புச் சேலை உடம்பு. இடுப்பிலிருக்கும் பிள்ளையை மட்டும் கள்ளிக்கொம்பில் செய்தேன். அநியாயமாகச் செத்த இசக்கி திரும்பி வந்து, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுக்கிக்கொண்டு தெரியாத ஊரில் நியாயம் கேட்டாள் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கதை. என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் தெருவில் அவளாவது என் ஊர்க்காரியாக நிற்கட்டும் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். அதன் அம்மா படத்தையே முறைத்துக்கொண்டு நின்றாள். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"பயப்படாதீங்க. சொகமில்லாத பிள்ளைய அவ தூக்கிக்கிடுவா."

இடுப்பில் தூக்கி வைத்துக் காப்பாள் என்று எங்களுக்கு அர்த்தம். கொண்டுபோய்விடுவாள் என்று அவள் காதில் விழுந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுவதாகச் செல்போனில் வதந்தி ஓடிய சமயம் வேறு.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மாவோடு தெருவே வந்துவிட்டது.

"ஏம்மா, புள்ள தூக்குற சாமியக் கொண்டாந்து எங்கூட்டு செவுத்துல மாட்டுவியா?"

"மூஞ்சியப் பாரு, டிரான்ஸ்பார்மர்ல மாட்டின பேயாட்டம்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"தூக்கிக்கிடுவான்னா..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தீங்களா, இப்பவும் அதையேதான் சொல்லுது," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

வீட்டுக்கார அம்மா கடைசியாக ஒரு வழி சொன்னார். "அந்தக் கொழந்தைய மட்டும் பேத்து எடுத்துடு. சாமி இருந்துட்டுப் போவட்டும்."

என் கணவர் கட்டிங் பிளேயரோடு வந்தார். "எடுத்துருவோம் ஏட்டி. நமக்கு வேற வீடு யாரு தருவா?"

நான் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "வேண்டாம். பிள்ளைய எடுத்துட்டா அவ யாரு?"

"அப்ப காலி பண்ணு," என்றார் அந்த அம்மா.

"பண்ணுதோம்."

கெலமங்கலம் ரோட்டில் ஒற்றை அறைதான் கிடைத்தது. சாமான்களைக் கட்டும்போது படத்தை மட்டும் போர்வையில் சுற்றாமல், லோடு ஆட்டோவின் பின்பக்கம் முகம் தெரிய நிறுத்திக் கட்டினேன். வண்டி கிளம்பியதும் எதிர்வீட்டுக்காரி, காய்ச்சல் விட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் பயந்தது எனக்குப் பிடித்திருந்தது.