சாட்சிக்குக் கொடுத்த தாள்

நான்காக மடித்த வெள்ளைத்தாள் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. மடிப்புகள் பழுத்துக் கிழியப் பார்க்கின்றன. தொண்ணூறுகளின் கடைசியில் கோர்ட்டில் எனக்குக் கொடுத்தது. பத்து வருஷம் அதில் ஒரு எழுத்துகூட இல்லாமல் இருந்தது.

சின்னம்மா மட்டாஞ்சேரியில் ஒரு குடோனில் சுக்கு பொறுக்கினாள். நான் அங்கேயே சாக்கு தைத்தேன். அந்த வேலையை வாங்கித் தந்ததும் அவள்தான். பூசணம் பிடித்த மூட்டையெல்லாம் எங்கள் ஆட்களின் வரிசைக்கே ஏன் வருகிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். சூப்பர்வைசர் எங்கள் சாதிப் பெயரோடு ஓர் அசிங்கத்தையும் சேர்த்து எல்லோர் முன்னாலும் கத்தினார். சின்னம்மா அழவில்லை. கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். கேட்டவர்கள் இருபது பேர் இருந்தும் சாட்சிக்கு நான் ஒருவன்தான் மிஞ்சினேன். மற்றவர்களுக்கு அன்று காது அடைத்திருந்ததாம்.

ஒரு திட்டு குற்றமாக வேண்டுமானால் அதை யாராவது கோர்ட்டில் திருப்பிச் சொல்லியாக வேண்டும். இது எனக்குத் தெரியாது. "அசிங்கமா பேசினாரு" என்றேன்.

"அது போரா. என்ன வாக்கு? அதப் பறயணும்" என்று மலையாளத்தில் சொன்னார் நீதிபதி. அது போதாது, அந்தச் சொல்லையே சொல்ல வேண்டுமாம்.

எனக்கு வாய் வரவில்லை. அவர் கோபப்படவில்லை, சொல்லக் கூச்சமென்றால் எழுதட்டும் என்று தாளும் பேனாவும் தரச் சொன்னார். சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுதினால் சின்னம்மாவை நானும் ஒருமுறை திட்டியதாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு உயர்ந்த எண்ணம்! வேலை போய்விடுமே என்ற பயம்தான் அது. அதைவிட, அந்தச் சொல் எனக்கும் உரியது. நானே சொன்னால் என்மேல் ஒட்டிக்கொள்ளும் என்ற வெட்கம். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். தாள் மட்டும் என் கையோடு வந்துவிட்டது.

கேஸ் நிற்கவில்லை. வெளியே வந்ததும் சின்னம்மா கேட்டாள்: "எனக்குக் கேக்க முடிஞ்சுது. உனக்குச் சொல்ல முடியலயாடா மோனே?"

அவள் வைப்பின் தீவுக்குக் குடிபோனாள். போட் ஏறி இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சாயா போட்டுத் தந்தாள், பேசவில்லை. அதன்பிறகு போகத் தைரியம் வரவில்லை.

இப்போது காக்கநாட்டில் ஒரு கம்பெனி வாசலில் காவல் இருக்கிறேன். நாளெல்லாம் வண்டி நம்பர்களை எழுதுகிறேன். என்னிடம் யாருக்கும் பேச ஒன்றுமில்லை. போன மாதம் சின்னம்மா இறந்துபோனாள். காரியம் முடிந்து அறைக்கு வந்ததும் தாளை எடுத்துப் பிரித்தேன். அன்று அவர் கத்தியதை, ஒரு சொல் விடாமல், மலையாளத்திலேயே எழுதினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வாங்கிக்கொள்ள யாருமில்லை. மறுபடியும் நான்காக மடித்து வைத்தேன்.