கடைமடை வரை போன எண்ணெய்

எங்கள் அம்பாசிடர் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் கோபம்தான். டவுனில் ஒரு மெக்கானிக் பழைய ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி அதையே திரும்ப மாட்டிவிட்டு, "புதுசு போட்டாச்சு டீச்சர்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் இயற்பியல் ஆசிரியை. பிள்ளைகள் காப்பியடித்ததை விடைத்தாளைத் திறந்ததுமே கண்டுபிடிக்கிறவளுக்குக் கழுவின ஃபில்டர் தெரியாதா? இனி எவன் கையிலும் இந்தக் காரைக் கொடுப்பதில்லை என்று வீட்டில் சத்தம் போட்டேன். என் கணவர் பேப்பரை இறக்காமலே, "அப்பம் நீயே மாத்து" என்றார். கேலிதான். ஆனால் என்னைக் கேலி செய்துவிட்டால் அந்த வேலையை முடிக்காமல் நான் விடமாட்டேன். அது என் குணம்.

தொண்ணூறுகளின் நடுவில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வயலோரமாக இருந்தது எங்கள் வீடு. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இடுப்பளவு ஆழத்தில் ஒரு கிளை வாய்க்கால் ஓடும். கார் உள்ளே வர அதன் குறுக்கே இரண்டு கல்பலகைகள் போட்டிருந்தோம், சக்கரத்துக்கு ஒன்றாக. நடுவில் வெறும் இடைவெளி. வாய்க்கால் காய்ந்திருக்கும்போது காரைக் கல்மேல் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்தால் போதும், ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற குழி மாதிரிதான். எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அணையில் தண்ணீர் குறைந்துபோன வருஷம் அது, முறை வைத்துத்தான் வாய்க்காலில் விட்டார்கள். திறந்துவிடுகிற ஆளை நீர்பாய்ச்சி என்போம். எங்கள் பக்கத்துக்கு அடுத்த முறை திங்கட்கிழமை காலை. நான் ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன்.

நைட்டிக்கு மேல் கணவரின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டேன். எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் ஒரு பெரிய இரும்புச் சட்டியை வைத்து, ஸ்பேனரால் அடைப்பானைக் கழற்றினேன். கறுப்பாகக் கொட்டியது எண்ணெய். விரல் வெந்துவிட்டது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அடுத்து பக்கவாட்டில் இருந்த கிண்ணத்தைக் கழற்றி ஃபில்டரை உருவினேன். மடிப்பு மடிப்பாகத் தாளும், உள்ளே தகரக் குழலுமாக, ஒரு டம்ளர் உயரம். எண்ணெய் ஊறிக் கனத்தது. அதைச் சட்டிக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்துவிட்டு, கடைசிச் சொட்டு வடியட்டும் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

சருகு அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாம்பு என்று நினைத்துத்தான் திரும்பினேன். தண்ணீர்.

குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு வந்தது. நான் சட்டியைத் தூக்கப் போனேன். தளும்பத் தளும்ப இருந்த சட்டி அது, கையோ எண்ணெய்ப் பிசுக்கு. வழுக்கிவிட்டது. நாலு லிட்டருக்கு மேல் இருக்கும், அத்தனையும் என் கண்ணெதிரே தண்ணீரில் கவிழ்ந்து, கறுப்பும் வானவில்லுமாக விரிந்துகொண்டே போனது.

அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு வயல்தான், கடைமடை. குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து ஓர் அக்கா பயிர் செய்துகொண்டிருந்தார். அதில் அவருடைய நாற்றங்கால் இருந்தது. முதலில் விதைத்தது முளைக்காமல் போய் இரண்டாம் தடவை விதைத்த நாற்று. அதுவும் போனால் அந்தப் போகம் அவருக்கு நடவே கிடையாது. முந்தின நாள்தான் வாசலில் நின்று, "வெடிச்சுப் போய்க் கெடக்கு டீச்சர், இந்த முறைத் தண்ணியும் இல்லன்னா அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கரையேறி ஓடினேன். செருப்பில்லை. காய்ந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் மேலே விடும், அதனால் அது நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அதை முந்திவிட்டேன்.

அக்கா மடையை வெட்டித் திறந்து வைத்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீர்பாய்ச்சி அண்ணன்ட்ட அழுதேன் டீச்சர். பாவம், ஒரு நா முந்தியே தொறந்துவிட்டுட்டாரு. நீங்க என்ன இப்பிடி ஓடியாறிய?"

"மடைய அடைங்கக்கா! அடைங்க!"

"அடைக்கவா? என்ன டீச்சர் சொல்லுதிய? இதுக்குத்தான நாலு நாளா நாயா அலையுதேன்."

"தண்ணில எண்ணெ கலந்துட்டு. என் காரு எண்ணெ. நான்தான் கொட்டிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார். அடைத்தால் நாற்று காயும், திறந்தால் எண்ணெய் ஏறும். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "அப்பம் நான் என்ன செய்ய?" என்றார். அந்தக் குரலுக்கு என்னால் அழத்தான் முடிந்தது. அழுதால் ஆச்சா? தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வரப்பில் குலை வெட்டின வாழைத்தடி ஒன்று கிடந்தது. எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான், எண்ணெய் மிதக்கும். "இதைப் பிடிங்கக்கா" என்று கத்தினேன். இரண்டு பேருமாக இழுத்து மடைவாயில் குறுக்கே மிதக்கவிட்டு, இரண்டு ஓரத்திலும் சேற்றை அப்பி, முன்னால் வைக்கோலை அள்ளிப் போட்டோம். கறுப்பு நீர் வந்து தடியில் முட்டியது, முட்டித் தேங்கியது. தடிக்கு அடியில் நுழைந்து நாற்றங்காலுக்குள் போன தண்ணீர் வெறும் செம்மண் நிறத்தில் இருந்தது. நான் வாய்க்காலுக்குள் நின்று வைக்கோலைப் புரட்டிப் புரட்டி எடுத்தேன், அவர் குடத்தால் மேலாக அள்ளிக் கரையில் ஊற்றினார். இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். கடைசியில் தண்ணீர் மேல் ஒரு மினுக்கம்கூட இல்லை.

"இனி ஒண்ணும் ஆவாதுல்லா டீச்சர்?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. நான் சொல்லுதேன்லா" என்றேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. சட்டி கல்லில் மாட்டிக் கிடந்தது. ஃபில்டரைக் காணோம். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் மிதக்கும், சரி. எண்ணெய் குடித்த தாளும் தகரமும் தண்ணீரேறினால் மிதக்காதே. அடியோடு உருண்டு, வாழைத்தடிக்குக் கீழே நுழைந்து போகும். திரும்பப் போய்த் தேடியிருக்க வேண்டும். இங்கனதான் எங்காவது சேற்றில் புதைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பெல்லாம் வலித்தது. சந்தைக்குப் போய்விட்டு வந்த கணவர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அந்த எரிச்சல் வேறு. மறுநாள் பள்ளிக்கூடம், அதற்கு மறுநாளும் பள்ளிக்கூடம். புது ஃபில்டரை மாட்டிப் புது ஆயில் ஊற்றி முடித்தேன். கார் நன்றாக ஓடியது. அந்த வரப்பில் மட்டும் நான் இறங்கவே இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா வந்தார். முழங்கை வரை சேறு. மடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். என் ஃபில்டர். சவுக்காரம் போட்டுத் தேய்த்திருந்தார் போல, தாள்கூட லேசாக வெளுத்திருந்தது.

"நாத்து பறிக்கையில கையில தட்டுப்பட்டுது டீச்சர். காருக்குள்ள உள்ள சாமான்தான? தேடிக்கிட்டுக் கெடப்பியளேன்னு கழுவிக் கொண்டாந்தேன்."

"எங்கன கெடந்துச்சு?"

"நாத்தங்காலு நடுவுலதான். என்ன நோக்காடோ, அந்த எடத்துல மட்டும் வண்டிச்சக்கரம் அகலத்துக்குக் கருகிப் போயிட்டு. கெழக்கு மூலைக்கு நட நாத்து காணாது." சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எண்ணெதான் கருக்கிட்டோன்னு எங்க வீட்டுல கேட்டாவ. டீச்சரே பாத்து ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டாவ, அது இல்லன்னுட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன்.

"ஆமாக்கா, இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். போகும்போது திரும்பி, "இப்பம் காரு நல்லா ஓடும்லா டீச்சர்?" என்று கேட்டார்.

அந்தப் போகம் முழுவதும் கிழக்கு மூலை நடாமலே கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கார் அந்த வழியாகத்தான் போகவேண்டும். வரப்பில் அவர் நின்றால் கையைத் தூக்கிக் காட்டுவார், நானும் காட்டுவேன்.