ஆடியில் வாடகை இல்லை

புதுச்சேரி உப்பளத்தில் ழனெத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. முன்பகுதியில் அவள் இருந்தாள். பின்பகுதியை வாடகைக்கு விட்டிருந்தாள். கணவர் ஆலேன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து இறந்தவர். அவருடைய பென்ஷனும் மாதம் அறுபது ரூபாய் வாடகையும்தான் அவளுக்கு வரும்படி.

1976இல் பின்பகுதியில் பக்கிரி குடியிருந்தான். கல்யாண ஊர்வலங்களில் டிரம்பெட் வாசிக்கிறவன். மார்கழியில் வேலை இல்லை. பங்குனியில் மனைவி கமலவேணிக்குப் பிரசவம். வைகாசி வந்தபோது மூன்று மாத வாடகை நின்றிருந்தது.

ழனெத்தின் கொழுந்தன் அர்மானுக்கும் இரண்டு வீடுகள் உண்டு. "சாமானத் தூக்கித் தெருவுல போடுங்க அண்ணி" என்றான்.

"போட்டா பாக்கி வந்துடுமா? வீடுதான் காலியாவும்."

ஆனால் பக்கிரி அவள் கண்ணில் படவே இல்லை. ஒருநாள் காலை தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, டிரம்பெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பின்சுவரில் ஏறுவதைப் பார்த்துவிட்டாள்.

"வாசல் வழியாப் போயேன் பக்கிரி. அது பழைய சுவரு. இடிஞ்சா அதுக்கும் நீதான் குடுக்கணும்."

அவன் சுவரின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "உங்க மொகத்துல முழிக்க வெக்கமா இருக்கு மதாம்."

"எறங்கி வா. காபி குடிச்சிக்கிட்டே பேசலாம்."

எந்த மாதம் கையில் காசு இருக்கும், எந்த மாதம் இருக்காது என்று கேட்டாள். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் வறட்சி என்றான். அவள் காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டாள்.

"அந்த மூணு மாசம் ஒண்ணும் தர வேணாம். மத்த ஒம்பது மாசமும் எண்பது குடு. எனக்கு வருசத்துக்கு அதே காசுதான்."

"பழைய பாக்கி?"

"அதுக்கு ஒரு வேல வச்சிருக்கேன்."

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பழைய சொல்தாக்கள் கொண்டாடும் விழாவுக்கு பேண்டு தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கிரியின் பேரைச் சொன்னாள். அவனுக்கு பிரெஞ்சுப் பாட்டு ஒன்றும் தெரியாது. ஆலேன் பாடிக் கேட்ட ஊர்வலப் பாட்டை ழனெத்தே பாடிக் காட்டினாள். ஒரு மாதம் வீடே அதிர்ந்தது. குழந்தை அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியது.

விழாவன்று காலை பக்கிரியின் பேண்டுக்காரர்கள் எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டையில் வாசித்தார்கள். பாதிப் பாட்டில் கிழட்டு சொல்தாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் நான்கு அடி மெட்டு வேறு எதுவோ! முடிந்ததும் ஒருவர் கேட்டார்:

"இத யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"எங்க வீட்டுக்கார மதாம்."

"அப்பச் சரிதான். ஆலேனும் இப்படித்தான் தப்பாப் பாடுவான்!"

கூட்டமே சிரித்தது. ழனெத் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். கணவர் போன ஆறு வருடத்தில் அவர் பேச்சு வந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

கூலியைப் பங்கு போட்டபின் பக்கிரி அங்கேயே எழுபது ரூபாயை அவள் கையில் வைத்தான். மிச்சப் பாக்கி கார்த்திகைக்குள் தீர்ந்தது. அதற்குப் பின் ஒன்பது வருடம் ஒரு மாதமும் தவறவில்லை. 1985இல் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போனான்.

அடுத்துக் குடிவந்தவள் தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஆதிலட்சுமி. சாவியைக் கொடுக்குமுன் ழனெத் காலண்டரை விரித்தாள்.

"உனக்கு எந்த மாசம் கஷ்டம்?"

ஆதிலட்சுமி திகைத்தாள். இதுவரை எந்த வீட்டுக்காரரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.