வலது பக்கம் தோற்ற அறுபத்தாறு நாட்கள்

9-8-1993 — 6,800 வெள்ளி
23-10-1993 — 7 வெள்ளி 40 காசு
6-12-1993 — 2 வெள்ளி 10 காசு
31-12-1993 — 1,000 வெள்ளி

தங்கராஜுவின் வாழ்க்கையில் மிகவும் சங்கடமான ஐந்து மாதங்கள் இந்த நான்கு வரிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. முதல் வரி, அவர் சண்டை விளையாட்டு இயந்திரம் ஒன்றை வாங்கிய தொகை. கடைசி வரி, அடுத்த இயந்திரத்துக்குக் கட்டிய முன்பணம். இரண்டாவது வரியில் இருக்கும் ஏழு வெள்ளி நாற்பது காசுதான் மற்ற எல்லாவற்றையும் ஆட்டி வைத்தது.

மலேசியாவின் பினாங்குத் தீவில் சுங்கை பினாங் என்ற பகுதியில், அடுக்குமாடி வீடுகளுக்கு எதிர்வரிசையில் தங்கராஜுவின் வீடியோ கேம் கடை இருந்தது. பதினொரு இயந்திரங்கள், இரண்டு மின்விசிறிகள், அவற்றில் ஒன்று சுழலும். கடை வைப்பதற்கு முன் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் தம் மைத்துனரின் பட்டறையில் பதினொரு ஆண்டுகள் இரும்பு ராவிக்கொண்டிருந்தார். மைத்துனர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார். 1989இல் வேலையை விட்டபோது, "போய்ட்டு வா, அரம் இங்கயேதான் இருக்கும்" என்றாராம். அந்த அரத்தைத் திரும்பத் தொடக்கூடாது என்பதே தங்கராஜுவின் பெரிய லட்சியம். சின்ன லட்சியங்கள் என்று அவருக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவருக்கு விளையாடத் தெரியாது. உதைக்கிற பொத்தானை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் இனி வரப்போகும் விளையாட்டுகளைப் பற்றி அவரைப் போலப் பேச பினாங்கில் ஆளில்லை. ஈப்போவிலிருக்கும் விநியோகஸ்தர் அனுப்பும் வண்ணத் தாள்களை அயர்ன் போட்ட சட்டை போலப் பத்திரப்படுத்துவார். கடை வாசலில் "விரைவில்" என்று ஒரு பலகை உண்டு. நான்கு ஆண்டுகளில் அதில் ஒன்பது விளையாட்டுகளின் பெயர் ஏறியது. வந்து சேர்ந்தவை இரண்டு.

நல்ல சண்டை விளையாட்டு எது என்பதற்கு அவரிடம் மூன்று அளவுகோல்கள் இருந்தன. படத்தில் ஆட்கள் பெரிதாக இருக்க வேண்டும். அடி விழும் சத்தம் எதிர்ப்பக்கத்து ரொட்டிச்சானாய்க் கடைவரை கேட்க வேண்டும். மூன்றாவதை அடிக்கடி மாற்றிக்கொள்வார்.

நான் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். மாலை ஆறிலிருந்து எட்டுவரை கீழே உட்கார்ந்து, இயந்திரங்களின் டோக்கன் கணக்கையும் கடையின் செலவுக் கணக்கையும் எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். இரண்டு பேர் மோதும்போது இடது பக்கத்தில் நின்றவர் வென்றாரா, வலது பக்கத்தில் நின்றவரா என்று இன்னொரு பத்தியும் சேர்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

9-8-1993 அன்று வந்தது எய்ட் கேட்ஸ் என்ற விளையாட்டு. ஓசாகாவில் செய்தது. எட்டு வீரர்கள், எட்டு வாசல்கள். நம் ஆட்கள் வீரர்களுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள்: மீன்காரன், விசிறிக்காரி, மொட்டைச்சாமி. ஆகஸ்ட் 9 முதல் அக்டோபர் 22 வரை நான் பார்த்த மோதல்கள் 1,104. இடது பக்கம் 559, வலது பக்கம் 545. துறைமுகத்துத் தராசு கூட அவ்வளவு நேராக நின்றதில்லை.

வலது பக்கம் என்றால் ரொஸ்னா. மாக் மண்டின் தொழிற்சாலை ஒன்றில், அவள் பேச்சில் சொன்னால் கிலாங்கில், மின்சார ஸ்விட்சுகளைச் சோதிக்கும் வேலை. சுங்கை பினாங் மாடி வீட்டிலேயே வளர்ந்ததால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசும் மலாய்ப் பெண். விசிறிக்காரியை வைத்து யாரையும் இரண்டு நிமிடத்தில் படுக்க வைப்பாள். இடது பக்கம் என்றால் முனுசாமி, சிமெண்டு லாரி ஓட்டுநர். மீன்காரனை வைத்து ரொஸ்னாவிடம் தொடர்ந்து தோற்பவர்.

அக்டோபர் 23, சரஸ்வதி பூசை. மறுநாள் முதல் முனுசாமி வெல்லத் தொடங்கினார்.

ஒருநாள் இருநாள் அல்ல. வரிசையாகப் பதினாறு ஆட்டம் வென்ற அன்று மனைவியை அழைத்துவந்து, முக்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் முழுவதும் பார்த்துவிட்டு, வீட்டுக் குழாயைப் பழுது பார்க்க எப்போது நேரம் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். முனுசாமி மட்டுமல்ல, இடது பக்கம் யார் நின்றாலும் பெரும்பாலும் வென்றார்கள். அக்டோபர் 24 முதல் டிசம்பர் 5 வரை 612 மோதல்கள். இடது 471, வலது 141.

பட்டன் சோம்பேறியாக இருக்கிறது என்று அக்டோபர் 30ஆம் தேதியே ரொஸ்னா சொன்னாள். தங்கராஜு சுவரைக் காட்டினார். அங்கே 1990இல் அவரே சிவப்புச் சாயத்தில் எழுதிய வாசகம் இருந்தது: "தோற்றவர் பட்டனைக் குறை சொல்லக் கூடாது." தோற்ற ஒவ்வொருவரும் பொத்தானைத் திட்டியதால் எழுந்த சட்டம் அது. ரொஸ்னா அதைப் படித்துவிட்டு இன்னொரு டோக்கன் வாங்கினாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

இதற்குள் ஈப்போக்காரர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த ஆண்டு இரண்டு புதிய சண்டை விளையாட்டுகள் வருகின்றன. ஒன்று எய்ட் கேட்ஸின் இரண்டாம் பாகம். மற்றது பிளட் ஹார்பர். அதில் அடித்தால் ரத்தம் தெறிக்கும், தலை தனியே உருளும். எது வேண்டுமென்று சொல்லி, டிசம்பர் 31க்குள் ஆயிரம் வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும். தங்கராஜுவிடம் இருந்தது ஒரே ஓர் ஆயிரம். தவறான இயந்திரத்தை எடுத்தால் கடையை மூடிவிட்டு அரத்தை எடுக்க வேண்டியதுதான். மைத்துனர் தீபாவளிக்கு வந்தபோதே, பட்டறையில் ஓர் இடம் காலியாக இருப்பதை இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

என் கணக்கைப் பார்த்த தங்கராஜு ஒரு முடிவுக்கு வந்தார். எய்ட் கேட்ஸ் முதல் இரண்டு மாதம் நன்றாக நடித்து, பிறகு குணத்தைக் காட்டிவிட்டது. ஒரு பக்கமே ஜெயிக்கிற விளையாட்டு ஏமாற்று வேலை. அதன் இரண்டாம் பாகமும் அப்படித்தான் இருக்கும். "விரைவில்" பலகையில் பிளட் ஹார்பரின் பெயர் ஏறியது, கீழே மூன்று ரத்தத் துளிகளோடு.

இருந்தாலும் ஓசாகாவுக்கு ஒரு வார்த்தை சூடாக எழுத வேண்டும் என்றார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சூடு அவருடையது, எண்கள் என்னுடையவை. 6-12-1993 அன்று பதிவுத் தபாலில் போனது. மேலே உள்ள இரண்டு வெள்ளி பத்துக் காசு அதற்குத்தான்.

பதில் டிசம்பர் 28, செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. கம்பெனியின் சோதனை அறையிலிருந்து ஒரு பக்கக் கடிதம். இரண்டு பக்கங்களையும் ஒரே மின்சுற்றுப் பலகைதான் இயக்குகிறது, இடது எது வலது எது என்று அதற்குத் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். பிறகு இரண்டு கேள்விகள். இது எந்தத் தேதியில் தொடங்கியது? அதற்கு முதல் நாள் இயந்திரத்துக்கு என்ன செய்யப்பட்டது?

முதல் கேள்விக்கு விடை என் நாவிலேயே இருந்தது. இரண்டாவதற்காகச் செலவுப் புத்தகத்தைத் திறந்தேன். 23-10-1993இன் கீழ் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். தேங்காய் இரண்டு, 2 வெள்ளி. எலுமிச்சை 80 காசு. பழம் ஒன்றரை வெள்ளி. வெற்றிலை பாக்கு 50 காசு. பொரிகடலை 1 வெள்ளி 20. சந்தனம் 60 காசு. பன்னீர் 80 காசு.

அப்போது கல்லாவில் இருந்த தங்கராஜுவின் மனைவி லெட்சுமி மெதுவாகக் கேட்டார்:

"சந்தனம் எங்கங்க வெச்சீங்க?"

"மெஷினுக்குத்தான். வேற எங்க வெப்பாங்க?"

"மெஷின்ல எங்க?"

தங்கராஜு கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். பழைய இயந்திரங்களுக்கு நெற்றியில், அதாவது திரைக்கு மேலே, ஒவ்வொரு பொட்டு. புதியது செல்லப்பிள்ளை அல்லவா, அதற்குப் பொத்தானுக்குப் பொத்தான் பொட்டு. வலது பக்கத்தில் தொடங்கினார். சந்தனம் குறையக் குறையப் பன்னீரை ஊற்றிக் கரைத்தார். வலது பக்கத்து ஆறாவது பொத்தான், பெரிய உதைக்கு உரியது. அதற்கு மீதியை வழித்து வைத்தார். இடது பக்கத்துக்கு வந்தபோது கிண்ணம் காலி. விபூதியைத் தூவிவிட்டார். மறுநாள் காலை துடைத்தபோது விபூதி போய்விட்டது.

சந்தனமும் வலது பக்கத் தோல்வியும் இரண்டு மாதமாக என் கைப்பட எழுதியே இருந்தன, ஒன்று செலவுப் புத்தகத்தில், மற்றது ஆட்டப் புத்தகத்தில். இரண்டு புத்தகங்களையும் நான் ஒரே அலமாரியில்தான் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் வேலை முடிந்து ஃபெரி பிடித்து வந்த ரொஸ்னாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, வலது பக்கத்துப் பொத்தான் பலகையின் மூடியைக் கழற்றினாள். திறந்ததும் கடை முழுவதும் கோயில் வாசனை வந்தது. பெரிய உதையின் ஸ்விட்சை வெளியே எடுத்து, மூன்று முறை அழுத்தினாள். ஒரு முறைதான் சத்தம் கேட்டது.

"எங்க கிலாங்ல இது வந்திருந்தா குப்பையில போட்ருவோம்ணே. நான் இத வெச்சிக்கிட்டு ரெண்டு மாசமா சண்ட போட்ருக்கேன்."

"சொல்லியிருக்கலாமே, ரொஸ்னா," என்றார் தங்கராஜு. சொல்லி முடித்ததும் அவர் கண் தானாகச் சுவருக்குப் போனது.

ரொஸ்னாவும் சுவரைப் பார்த்தாள். பழைய பல்துலக்கியால் ஆறு ஸ்விட்சுகளையும் சுத்தம் செய்து மாட்டினாள். முனுசாமியைக் கூப்பிட்டனுப்பினோம். இருபது ஆட்டம், அவரவர் வழக்கமான பக்கம். ரொஸ்னா 14, முனுசாமி 6.

"சந்தனம் இருந்தவரைக்கும் சாமி என் பக்கம் இருந்துச்சு," என்றார் முனுசாமி. "இப்ப தொடச்சிட்டீங்க லா."

மறுநாள் அவர் வரவில்லை. தங்கராஜு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளட் ஹார்பரின் தாளை எடுப்பார், உருளும் தலையைப் பார்ப்பார், மடிப்பார். தீர்ந்தது பாதிப் பிரச்சினைதான். எய்ட் கேட்ஸ் ஏமாற்றவில்லை என்று தெரிந்தது, ஆனால் தோற்றவன் வராமல் போனால் நேர்மையை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாதே. ஈப்போக்காரர் மறுபடி அழைத்து, வடக்கே எல்லாக் கடைகளும் ரத்தத்தைத்தான் கேட்கின்றன என்றார்.

தங்கராஜு என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். எனக்கு அபிப்பிராயம் கிடையாது, எண்கள்தான் உண்டு என்றேன். ரொஸ்னா தோற்றுக்கொண்டிருந்த அறுபத்தாறு நாட்களில் ஒன்பது சனிக்கிழமைகள். ஒன்பதிலும் அவள் பெயர் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு தேதியின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார்.

டிசம்பர் 30, மாலை ஆறரைக்கு முனுசாமி வந்தார். ரொஸ்னா இல்லை. வேறு யாரோ ஒருவரிடம் ஓர் ஆட்டம் தோற்றார். இடது பக்கப் பொத்தானைக் குறை சொன்னார். இன்னும் ஐந்து டோக்கன் வாங்கினார்.

31ஆம் தேதி காலை தங்கராஜு ஈப்போவுக்கு ஃபோன் போட்டார். எய்ட் கேட்ஸ் இரண்டு என்றார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசியது. தங்கராஜு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு இதைத்தான் சொன்னார்:

"ரத்தம் ரெண்டு வாரம் ஓடும்ங்க. அப்பறம்? தோத்தவன் 'ஏன் தோத்தேன்'னு யோசிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போகணும். அப்பதான் திரும்பி வருவான். என் கடையில ரெண்டு பேர் வந்துட்டாங்க."

அவருடைய மூன்றாவது அளவுகோல் அதன்பிறகு மாறவில்லை. சுவரிலிருந்த சட்டமும் திருத்தப்பட்டது: "தோற்றவர் பட்டனைக் குறை சொல்லலாம். ஒரு முறை."

இரண்டாம் பாகம் 14-6-1994இல் வந்து இறங்கியது. முதல் மாதத்திலேயே முந்தையதைவிட 212 டோக்கன் கூடுதல். பிளட் ஹார்பர் வேறொரு கடைக்குப் போனது. நான் நடந்துபோகும்போது பார்ப்பேன். நான்காவது வாரம் அதன்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். மைத்துனர் பட்டறையில் அந்தக் காலியிடத்துக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டார் என்று லெட்சுமி ஒருநாள் சொன்னார். தங்கராஜு அதைக் கேட்காதது போல இருந்தார். ஆனால் அன்று எனக்கு வந்த தேநீரில் பால் கூடுதலாக இருந்தது.

ஓசாகாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. தூசி என்று எழுதிவிடலாம் என்றார் தங்கராஜு. நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: சந்தனம் 60 காசு, பன்னீர் 80 காசு. 3-1-1994இல் அனுப்பினேன். ஒன்பது மாதம் பதில் இல்லை. ஜப்பான்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், மூன்றாம் பாகத்தை நமக்குத் தரமாட்டார்கள் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

பிறகு கடிதம் வந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். எங்கள் கடிதம் இவ்வளவு நாளும் சோதனை அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்ததாம். அவர்களும் புத்தாண்டுக்கு இயந்திரங்களில் வைக்கோல் கயிறு கட்டுவார்களாம், அது பொத்தான்களைத் தொடாதபடி உயரத்தில். சந்தனத்துக்கு ஏற்ற இடம் எதுவென்று காட்ட ஒரு வரைபடம் இணைத்திருந்தார்கள். இயந்திரத்தின் முதுகுப்பக்கம், மேல் இடது மூலை. எந்தத் துவாரமும் இல்லாத அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு சின்ன வட்டம்.

தங்கராஜு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, கைவிளக்கோடு இயந்திரத்துக்குப் பின்னால் போய், அந்த மூலையைத் துணியால் துடைத்தார். மறுநாள் சரஸ்வதி பூசை. கடிதம் வந்து சேர்ந்த தேதி 12-10-1994.