பாத்ரூமில் ஒரு கிணற்றடி

டாக்டர் என் மனுசனின் கையில் பட்டியைக் கட்டிப் பிரஷர் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தார். பிறகு சொன்னார்: “மாத்திரை தருகிறேன். ஆறு வாரத்தில் இறங்காவிட்டால் பஸ் ஓட்டும் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன். மனதை ஆறவிடுங்கள்.”

அவர் ஓட்டியது பள்ளிக்கூட பஸ். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் பிரெஞ்சில் கத்தும். அங்கே வாயைத் திறக்க முடியாது என்பதால் வீட்டுக்கு வந்துதான் திறப்பார். ஆனாலும் அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். மொன்றியலுக்கு வந்து பதினொரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவர். காலையில் பஸ் கதவைத் திறந்ததும் சின்னதுகள் “போன்ஜூர் மிஸ்யூ” என்று வணக்கம் சொல்லி ஏறும். அந்த ஒரு சொல்லுக்காகவே விடிய முன்னம் எழும்பிச் சவரம் செய்வார். பஸ் போனால் திரும்பவும் கோப்பைதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“மனசை ஆறவிடட்டாம்! ஆறவிட இஞ்ச எங்கயப்பா இடம் கிடக்கு?” என்று அதற்கும் என்னோடுதான் பாய்ந்தார்.

நான் அப்போது சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று வேலை செய்தவள் ஒரு ஜப்பான்காரி. என்னைவிட வயதில் மூத்தவள். மேலாளர் வந்து கத்தினாலும் எங்கோ பெய்யும் மழையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நிற்பாள். இவளுக்கு மட்டும் எப்படி என்று எனக்கு எரிச்சலாகவே இருக்கும். சாப்பாட்டு வேளையில் எங்கள் இருவரின் ஓட்டைப் பிரெஞ்சிலும் விஷயத்தைக் கறந்தேன். தினமும் பின்னேரம் கழுத்தளவு சுடுநீரில் சும்மா இருப்பாளாம். ஆனால் தொட்டிக்குள் சோப்புப் போடக் கூடாதாம். வெளியே ஒரு சின்ன முக்காலியில் குந்தியிருந்து, உடம்பை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டுமாம்.

டாக்டரிடம் கேட்டேன். கொதிநீர் வேண்டாம், இளஞ்சூட்டில் பத்து நிமிடம் என்றால் நல்லது, மாத்திரையை மட்டும் விடவேண்டாம் என்றார்.

என் மனுசனுக்கு எங்கள் பாத்ரூமில் இருந்த குளியல் தொட்டியைக் கண்ணில் காட்டக் கூடாது. தன் ஊத்தைக்குள் தானே ஊறுகிறவன் மனிசனா என்று கேட்டு, வந்த நாள் முதல் அதற்குள் வாளியை வைத்து, நின்றபடி அள்ளி ஊற்றித்தான் குளித்தார். ஜப்பான்காரர் வெளியே குளித்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீரே! அவையள் துப்புரவு தெரிஞ்ச ஆக்கள். எங்கட ஆக்கள் மாதிரி!”

சனிக்கிழமை மத்தியானம் சடங்கு தொடங்கியது. குந்துவதற்கு முக்காலி இல்லை. ஆகவே மனுசன், நான் தேங்காய் துருவும் திருவலையின் அலகைக் கழற்றிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். இனி அதில் துருவிய தேங்காய்ப்பூவை யார் சம்பலுக்குப் போடுவது என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை. உள்ளே தண்ணீர் பளார் பளார் என்று விழுந்தது. நடுவில் பாட்டு வேறு. ஆகா, மனம் ஆறுகிறது என்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக் கிழவி, கையில் சூப்புச் சட்டி. சட்டிக்குள் அரைவாசிக்குத் தண்ணீர்.

“மதாம், என் சமையலறை விளக்கிலிருந்து மழை பெய்கிறது” என்றாள்.

ஓடிப்போய் பாத்ரூம் கதவைத் திறந்தேன். சாரத்தை மடித்துக் கட்டி, தலை முழுக்க நுரையோடு, தொட்டிக்கு வெளியே திருவலையில் ராசா மாதிரிக் குந்தியிருந்தார். நாலாவது வாளி தலைக்கு மேலே நின்றது. தரை முழுக்கக் குளம்.

“ஐயோ, உங்களுக்கு விசரே? தண்ணி போக இஞ்ச என்ன, வாழைக்கு வாய்க்காலே வெட்டிக் கிடக்கு?”

“வெளியிலதானே குளிக்கச் சொன்னவை” என்றார், கண்ணுக்குள் சோப்பு இறங்க.

வீட்டில் இருந்த துவாய், படுக்கை விரிப்பு எல்லாம் தரைக்குப் போனது. மனுசன் கீழே போய் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாரமே கிழவியின் குசினிக்கூரைக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தார். நான் வடை சுட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை கதையைச் சொன்னபோது ஜப்பான்காரி கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அவர்கள் வீடுகளில் பாத்ரூம் தரையிலேயே தண்ணீர் ஓடத் துவாரம் இருக்குமாம். ஏனடி, இதை முதலே சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போகும்? தொட்டிக்குள்ளேயே நின்று குளித்து, அதைக் கழுவிவிட்டு, பிறகு புதுத் தண்ணீர் நிரப்பினால் போதும் என்றாள்.

அப்படியே செய்தார். தினமும் பின்னேரம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் உள்ளே போய்விடுவார். நான் கதவடியில் நின்று, மகளின் பள்ளிக்கூடக் கடிதம் முதல் தெருமுனை டெபனர் கடைக்காரனின் சிடுமூஞ்சி வரைக்கும் ஒப்புவிப்பேன். உள்ளேயிருந்து “ம்” மட்டும் வரும். ஊறப்போட்ட கடலை மாதிரி விரல் சுருங்கி வெளியே வருவார். சண்டைக்கு இழுத்தாலும் வரமாட்டார். எனக்குத்தான் பொழுது போகவில்லை.

ஆறு வாரம் முடிந்து இருவரும் போனோம். டாக்டர் பட்டியை அவிழ்த்துவிட்டு, படிவத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். என் மனுசன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை.

நான் சும்மா இருப்பேனா? இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தது யார், தினமும் தொட்டி கழுவுவது யார், அன்றைக்குத் தரை துடைத்தது யார் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் பட்டியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

“மதாம், நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.”

ஒரு கையில் கட்டினார். பிறகு மற்றக் கையில் கட்டினார். என் மனுசனுக்கு முதல் நாள் இருந்ததைவிட எனக்குப் பிரஷர் கூடுதலாம்.

“மெசின் பிழை” என்றேன்.

“கடைசியாக எப்போது ஒரு வேலையும் செய்யாமல் இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

தொழிற்சாலை, சமையல், மகள், இவர். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன், நடுவில் ஓர் இடைவெளியும் இல்லை. மனுசன் முகத்தில் இரத்தமே இல்லை. படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துத் தண்ணீர் நிரப்பினார்.

“போம். உள்ள போய் இரும். சமையலை நான் பாக்கிறன்.”

“உங்களுக்குச் சோறு காய்ச்சத் தெரியாது.”

“தெரியாட்டிப் பழகுறன். நீர் போம்.”

தோள்வரை தண்ணீர் வந்தது. ஆறு வாரமாக அவருக்காகப் பயந்தேன். எனக்காக ஒரு நிமிடமும் பயந்ததில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நன்றாக அழுதேன்.

“இஞ்சேர், உப்பு எங்க கிடக்கு?” என்று குசினியிலிருந்து சத்தம் வந்தது. கொஞ்சத்தில் சோறு அடிப்பிடிக்கும் மணமும் வந்தது. எழும்பக் கையை ஊன்றினேன். பிறகு கையை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டேன்.