ராணுவப் பச்சையில் ஒரு யானை

சங்கரன்கோவிலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை? மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிற ஊர் இது. ஆனால் என் வீட்டு டிரங்குப் பெட்டி நிறைய ஸ்வெட்டர்தான். ராணுவத்தில் இருக்கும் என் கணவர், வடக்கே பனியில் போட்டுப் பழசானதையெல்லாம் விடுப்பில் வரும்போது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் ஒரு ஸ்வெட்டரில் பூச்சி இருந்தது. பருத்தியைத் தவிர வேறெதையும் துவைத்தறியாதவள் நான். கொதிக்கிற வெந்நீரில் முக்கி, கம்பால் கிண்டி, கல்லில் அடித்துத் துவைத்தேன். காய்ந்ததும் பார்த்தால், ஆறடி மனிதரின் ஸ்வெட்டர் என் மூன்று வயது மகளுக்கு அளவாக இருந்தது. தடயத்தை ஒழிக்கலாமென்று கத்தரியை எடுத்தேன். கம்பளி அட்டைபோல இறுகியிருந்தது, வெட்டின இடத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

போன விடுப்பில் அவர் மீசையைப் பார்த்து வீரிட்ட மகள், இருபது நாளும் அவரிடம் போகவில்லை. அவள் பயப்படுவாளென்று அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது. இந்தத் தடவை அவள் அவரிடம் போயே ஆக வேண்டும். அதற்கு, அவர் ஸ்வெட்டரிலேயே ஒரு யானை செய்து அவள் கையில் கொடுத்துப் பழக்குவதென்று முடிவு செய்தேன். கோயில் யானையைக் கண்டால் அவள் இடத்தைவிட்டு நகரமாட்டாள்.

காலண்டர் தாளில் வரைந்து வெட்டினேன். அடுத்த தெரு விசைத்தறியில் கழிவு நூலை வாங்கிவந்து உள்ளே திணித்தேன். முதல் யானையைப் பார்த்த என் மாமியார், "பெருச்சாளி நல்லா இருக்குட்டி" என்றார். இரண்டாவதற்கும் அதையே சொன்னார். மூன்றாவதுதான் யானையானது. மகள் அதைக் கட்டிக்கொண்டே தூங்கினாள். இது அப்பா யானை என்று தினமும் சொல்லிவைத்தேன்.

அவர் வந்தார். "அப்பாட்ட போ மக்கா" என்று முன்னால் தள்ளினேன். யானையைக் கட்டிக்கொண்டு, போன தடவையைவிட உரக்கக் கத்தினாள். மூன்று மாத உழைப்பும் வீண். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது.

அவர் யானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, இது என் ஸ்வெட்டர்லா?"

"வெந்நில போட்டேன். சுருங்கிட்டு."

நல்லவேளை, சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் தும்பிக்கை பிய்ந்துவிட்டதென்று மகள் என்னிடம் வந்தாள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "அந்தா இருக்காருல்லா உங்கப்பா, அவர்ட்ட குடு" என்றேன். போகமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

யானையைத் தரையில் வைத்து அவர் பக்கமாகத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஓடினாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஊசி நூல் டப்பாவை எடுத்தார். பொத்தான் தைக்க முகாமில் வேறு யார் இருக்கிறார்கள், எல்லாம் அவரே பழகினது. தும்பிக்கையைத் தைத்து, அதே இடத்தில் வைத்தார். அவள் வந்து இழுத்துப் பார்த்தாள். பிறகு வாலைக் காட்டினாள். அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதையும் தைத்தார்.

யானையோடு அவள் அடுக்களைப் பக்கம் வந்தாள். நான் அங்கே நிற்பதைக் கவனிக்கவில்லை. ஒரு காதைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தாள். நான் இரட்டை நூல் போட்டுத் தைத்த காது. வர மறுத்தது. விடாமல் இழுத்துப் பிய்த்தாள்.

பிய்ந்த காதோடு ஓடிப்போய் நேராக அவர் மடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, காது."

அவர் ஊசியில் நூலைக் கோக்க நான்கு முறை முயன்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டேன். இன்னும் பதினேழு நாள் விடுப்பு பாக்கியிருந்தது, யானைக்கு இன்னொரு காதும் நான்கு கால்களும் இருந்தன.