இறக்கத்தில் விட்ட பிரேக்

"...ஏத்தத்துல நான் முன்னால போனா என்னங்க, ஊடு ஒண்ணுதானே!" என்று சிரித்தாள் என் மனைவி. அப்போது அவள் சைக்கிள் பழகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, பழக்கிவிட்டவன் நான். அன்று ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகும் வழியில் வந்த ஏற்றங்களில் எல்லாம் அவளே முன்னால் போனாள்.

செம்மநத்தம் டீக்கடைக்காரர் வேறு, "அக்கா நொம்பத் தெம்புங்க. ஏனுங்க, நீங்க ஜீப்புல வந்திருக்கலாமே?" என்றார்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அன்று அவள்மேல் பட்டது என் கண்தான். இப்போதெல்லாம் வயிறு எரிந்தால் அவளிடமே சொல்லிவிடுகிறேன். அன்று வாயை மூடிக்கொண்டு, திரும்பும்போது அவளை முந்தியே தீருவதென்று இறக்கத்தில் பிரேக்கை விட்டேன்.

முந்தியும் விட்டேன். வளைவில் எதிரே ஜீப் வந்தது. ஒடித்துத் திருப்பியதில் காப்பிச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

"கண்ணு தெரியலீங்களா?" என்று ஜீப்காரர் கத்தினார்.

பின்னாலேயே வந்த என் மனைவி என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். அது நன்றாகவே பிடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜீப்காரர் பக்கம் திரும்பி, "பிரேக் பிடிக்கலீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு, என் சட்டையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டாள்.